கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் எம்.எஸ். படிக்க வீட்டை வைத்து 40 லட்சம் கடன் வாங்கலாமா?

கோவையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஈ.சி.இ. முடித்து இரண்டு வருடமாக ஆண்டுக்கு நாலரை லட்சம் சம்பளத்தில் வேலை பார்க்கிறார். டெக்சாஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் எம்.எஸ். இடம் கிடைத்திருக்கிறது, இரண்டு வருடப் படிப்பு. அப்பா பெயரில் இருக்கும் வீட்டை அடமானம் வைத்தால் பொதுத்துறை வங்கியில் 40 லட்சம் கிடைக்கும், வட்டி பத்தரை சதவீதம். ஒரு லட்சம் டாலர் சம்பளம் வரும், இரண்டே வருடத்தில் கடனை முடித்துவிடலாம் என்கிறார்கள் சீனியர்கள். எடுக்கலாமா என்பது கேள்வி. மேலோட்டமாகப் பார்த்தால் வரப்போகும் சம்பளத்தையும் வாங்கப்போகும் கடனையும் ஒப்பிடச் சொல்வதுபோல் இருக்கிறது. ஆனால் கடைசி வரியில், 'அங்கே வேலை அமையாமல் திரும்பி வந்தால் வீடு என்னாகும்' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்டிருப்பது அதைத்தான். மற்றதெல்லாம் அதற்குள் அடக்கம்.

நான் பொதுத்துறை வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். பணிக்காலத்தின் பெரும்பகுதி கல்விக் கடன் கோப்புகளோடுதான் போனது. கடன், வட்டி, அடமானம் பற்றி உறுதியாகச் சொல்வேன். விசா விதிகளை, என்னிடம் கடன் வாங்கிய பிள்ளைகளுக்காகத் தொடர்ந்து படித்து வந்திருக்கிறேன். சிப் கம்பெனிகள் நேர்முகத்தேர்வில் என்ன கேட்கின்றன, எந்தப் பேராசிரியரின் லேபுக்கு மதிப்பு அதிகம் என்பதெல்லாம் அந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்ல வேண்டியவை, என்னிடம் கேட்காதீர்கள்.

முதலில் மாறாத கணக்கைப் போட்டுவிடுவோம். வாங்குவது 40 லட்சம் என்றாலும் கட்டத் தொடங்கும்போது அது 40 லட்சமாக இருக்காது. வங்கி மொத்தத்தையும் ஒரே நாளில் கொடுக்காது, செமஸ்டருக்கு செமஸ்டர் விடுவிக்கும். பத்துப் பத்து லட்சமாக நான்கு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்புக் காலமும் அதற்கப்புறம் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். பொதுத்துறை வங்கிகளில் இந்தக் காலத்துக்குப் பொதுவாகத் தனிவட்டிதான், கூட்டுவட்டி கிடையாது. அப்படியும் மூன்று வருட முடிவில் 9 லட்சத்து 45 ஆயிரம் சேர்ந்திருக்கும். ஆக, தவணை தொடங்கும் அன்று உங்கள் பெயரில் நிற்பது 49.45 லட்சம். அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 66,700 ரூபாய். பதினைந்து வருடம் என்று நீட்டினால் 54,700. பதினைந்து வருடமும் முழுசாகக் கட்டினால் மொத்தம் 98 லட்சத்தைத் தாண்டும். இந்த எண்களைத் தாளில் எழுதி, அப்பாவும் நீங்களும் ஒன்றாக உட்கார்ந்து பாருங்கள். சம்பளத்தைப் பற்றிய பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கிலும் ஒரு துளை உண்டு. கட்டணம் டாலரில், கடன் ரூபாயில். 2024 டிசம்பரில் 85 ரூபாயை ஒட்டி இருந்த டாலர் 2025 டிசம்பரில் 90ஐத் தாண்டியது. ஒரு செமஸ்டருக்குப் பத்தாயிரம் டாலர் என்றால் ஒரே வருடத்தில் ஐம்பதாயிரம் ரூபாய் கூடிவிட்டது என்று அர்த்தம். வங்கியின் கடன் அனுமதிக் கடிதத்தில் இருக்கும் தொகை இன்றைய ரேட்டுக்குப் போட்ட கணக்கு. நான்காவது செமஸ்டரில் பணம் போதாமல், கூடுதல் கடன் கேட்டு அப்பாக்கள் கிளைக்கு வருவதை நான் வழக்கமாகப் பார்த்திருக்கிறேன். பட்ஜெட்டில் பத்து சதவீதமாவது தனியாக ஒதுக்கி வையுங்கள்.

சரி, சம்பளத்துக்கு வருவோம். சீனியர்கள் பொய் சொல்லவில்லை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்தின் கணக்கில், 2024 மே மாத நிலவரப்படி கம்ப்யூட்டர் ஹார்ட்வேர் இன்ஜினியர்களின் நடுத்தர ஆண்டுச் சம்பளம் 1,55,020 டாலர். சாஃப்ட்வேர் டெவலப்பர்களுக்கு 1,33,080. ஆனால் இது இருபது வருட அனுபவம் உள்ளவரையும் சேர்த்து எடுத்த எண். புதிதாகப் படித்து வெளியே வருபவருக்கு நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் அட்டவணைதான் நெருக்கமானது. 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை வைத்து அவர்கள் 2025இல் வெளியிட்டதில், இளநிலைப் பட்டம் முடித்த 22 முதல் 27 வயதுக்காரர்களில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படித்தவர்களின் நடுத்தரச் சம்பளம் 80,000 டாலர். பட்டியலிலேயே உச்சத்தில் இருக்கும் எண்களில் அதுவும் ஒன்று. அதே அட்டவணையில் அதே படிப்புக்கு வேலையின்மை 7.5 சதவீதம், அதுவும் பட்டியலின் உச்சத்தை ஒட்டியே இருக்கிறது. இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கிடைத்தால் நல்ல சம்பளம், கிடைப்பதில் இழுபறி. இது அங்கேயே பிறந்த பிள்ளைகளையும் சேர்த்த கணக்கு. விசா தேவைப்படும் ஒருவருக்கு அதைவிடச் சுலபமாக இருக்க வாய்ப்பில்லை.

நல்லபடியாக அமைந்தால் என்ன ஆகும்? எம்.எஸ். முடித்தவருக்கு டெக்சாஸிலேயே 90,000 டாலரில் வேலை என்று வைப்போம். அங்கே மாநில வருமான வரி கிடையாது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவருக்கு முதல் ஐந்து காலண்டர் வருடங்களுக்கு சமூகப் பாதுகாப்பு வரியும் மெடிகேர் வரியும் பிடிக்க மாட்டார்கள், 7.65 சதவீதம் மிச்சம். இந்திய மாணவர்களுக்கு வரி ஒப்பந்தப்படி நிலையான கழிவும் (ஸ்டாண்டர்டு டிடக்ஷன்) உண்டு. எல்லாம் போகக் கைக்கு மாதம் 6,500 டாலரை ஒட்டி வரும். அறையைப் பகிர்ந்து, பழைய கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு இருந்தால் ஊருக்கு 2,000 டாலர் அனுப்புவது சாத்தியம்தான். டாலர் 90 ரூபாய் என்றால் அது 1.8 லட்சம். ஒரு வருட விடுப்பையெல்லாம் பார்க்காமல் முதல் மாதத்திலிருந்தே கட்டினால், அன்றைக்கு நிற்கும் 45.25 லட்சத்தை 29 மாதத்தில் முடித்துவிடலாம். மாதம் 2,330 டாலர் அனுப்ப முடிந்தால் சீனியர்கள் சொன்னதுபோல் இரண்டே வருடம். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

இப்போது 29 என்ற அந்த எண்ணை இன்னொரு எண்ணோடு வைத்துப் பாருங்கள். படிப்பு முடிந்ததும், மாணவர் விசாவிலேயே படித்த துறையில் வேலை பார்க்கக் கிடைக்கும் அனுமதிக்கு ஓ.பி.டி. என்று பெயர், அது 12 மாதம். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருப்பதால் மேலும் 24 மாதம். ஆக 36. கம்பெனி விண்ணப்பித்து வாங்கித் தரும் எச்-1பி வேலை விசா கிடைக்கவே இல்லை என்றாலும் டாலரில் சம்பாதிக்க உங்களுக்கு இருக்கும் காலம் இவ்வளவுதான். 36இல் 29 போனால் கையில் ஏழு மாதம். வேலை கிடைக்க மூன்று மாதம் ஆனால் நான்கு. நடுவில் ஆட்குறைப்பு வந்தால் அதுவும் இல்லை. அத்தோடு முதல் 12 மாத ஓ.பி.டி. காலத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது, ஸ்டெம் நீட்டிப்பையும் சேர்த்தால் 150 நாள். இந்த நாள் கணக்கு வேலையில் சேரும் அன்று தொடங்குவதில்லை, ஓ.பி.டி. அட்டையில் உள்ள தேதியிலிருந்தே ஓடும். வேலை தேடும் பிள்ளைகளைத் தூங்கவிடாமல் செய்வது இந்த 90 நாள்தான்.

இதுவரை சொன்னது ஓரளவு உறுதி. இனிச் சொல்வது சந்தேகமானவை. ஓ.பி.டி. என்பது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இல்லை, அரசுத் துறை வகுத்த விதி. ஸ்டெம் நீட்டிப்பு 2008இல் 17 மாதமாகத் தொடங்கி 2016இல் 24 ஆனது. விதியால் கூடியதை விதியாலேயே குறைக்கவும் முடியும். நீங்கள் முடித்து வெளியே வரும்போது இதே 36 மாதம் இருக்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

எச்-1பி இன்னும் நிச்சயமற்றது. வருடத்துக்கு 65,000 விசா, அமெரிக்காவில் முதுநிலை முடித்தவர்களுக்குத் தனியாக 20,000. ஓ.பி.டி. காலத்தில் பொதுவாக மூன்று குலுக்கலில் பெயர் போடலாம். முன்பு சம்பளம் எவ்வளவு என்று பார்க்காமல் குலுக்கினார்கள். 2025 டிசம்பரில் வெளியான விதி அதை மாற்றிவிட்டது. அரசு வகுத்த நான்கு சம்பளப் படிகளில் உயர்ந்ததான நிலை நான்கில் இருப்பவரின் பெயர் நான்கு தடவையும், நிலை ஒன்றில் இருப்பவரின் பெயர் ஒரு தடவையும் குலுக்கலில் சேரும். அனுபவமில்லாத எம்.எஸ். பட்டதாரியைக் கம்பெனிகள் பெரும்பாலும் ஒன்றாம் அல்லது இரண்டாம் நிலையில்தான் வைக்கும். மூன்று வருடத்துக்கு முன் போன சீனியருக்கு இருந்த வாய்ப்பு உங்களுக்கும் இருக்கிறது என்று நினைத்துக் கடன் வாங்காதீர்கள். அடுத்து, புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கு என்று 2025 செப்டம்பரில் அறிவித்த ஒரு லட்சம் டாலர் கட்டணம். அமெரிக்காவுக்குள் இருந்தபடியே மாணவர் விசாவிலிருந்து எச்-1பிக்கு மாறுபவருக்கு அது பொருந்தாது என்று அக்டோபரில் குடிவரவுத் துறை விளக்கம் கொடுத்தது. அதைக் கேட்டு நிம்மதி அடைபவர்கள் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஊருக்குத் திரும்பிவிட்ட ஒருவரை அங்கிருந்து மறுபடி அழைக்க வேண்டும் என்றால், அந்தக் கட்டணம் நடப்பில் இருக்கும் வரை கம்பெனி அதைக் கட்டியாக வேண்டும். ஒரு வருடம் ஊரில் இருந்துவிட்டுத் திரும்பப் போகலாம் என்ற பழைய வழி இப்போது ஏறக்குறைய அடைபட்டிருக்கிறது.

அதனால் என் முறை இதுதான். கடன் தொகையை அமெரிக்கச் சம்பளத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஊருக்குத் திரும்பினால் இங்கே கிடைக்கும் சம்பளத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எம்.எஸ். முடித்து வந்தவருக்கு, சிப் வடிவமைப்பு, வெரிஃபிகேஷன், எம்பெடட் மாதிரித் துறைகளில் பெங்களூரு, ஹைதராபாத், சென்னை ஆகிய ஊர்களில் ஆண்டுக்கு 12 லட்சம் கிடைக்கிறது என்று வைப்போம். புதிய வரி முறையில் அதற்கு வருமான வரி இல்லை. பி.எஃப். போக மாதம் 85,000 அல்லது 90,000 கைக்கு வரும். அதில் 54,700 தவணைக்குப் போனால் பெங்களூரில் வாடகை கொடுத்து என்ன மிஞ்சும்? 8 லட்சம் சம்பளம் என்றால் கைக்கு வருவது 60,000ஐ ஒட்டித்தான், தவணை அதை விழுங்கிவிடும். அந்த நிலைமையில் அப்பாவின் சம்பளமோ ஓய்வூதியமோ உள்ளே இழுக்கப்படும். கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டவரிடம் வங்கி கேட்கும், கேட்டே தீரும்.

அடமானத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் யாரும் இதைப் பேசுவதில்லை. வீட்டை வைப்பது என்றால் மூலப்பத்திரம், தாய்ப்பத்திரங்கள், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் வங்கி வழக்கறிஞரிடம் போகும். அவர் சரி என்றதும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரங்களை ஒப்படைத்ததற்கான ஆவணத்தைப் பதிவு செய்வார்கள். அன்றிலிருந்து வில்லங்கச் சான்று எடுத்தால் வங்கியின் பெயர் வரும். விற்க முடியாது, பாகம் பிரித்துப் பதிய முடியாது. எல்லாரும் பயப்படுவது ஜப்தியை நினைத்து. 90 நாள் நிலுவை விழுந்தால் வாராக்கடன், அப்புறம் 60 நாள் நோட்டீஸ் என்று சட்டம் இருக்கிறதுதான். ஆனால் பேச வருகிற குடும்பத்துக்குத் தவணையை மாற்றி அமைத்துக் கொடுக்கவே வங்கி பார்க்கும். நான் அதிகம் கண்ட கஷ்டம் வேறு. மகன் அங்கே நல்ல வேலையில் இருக்கிறான், தவணை ஒரு நாள் பிந்துவதில்லை. இங்கே அப்பாவுக்கு இருதய அறுவை சிகிச்சை, அவசரமாகப் பணம் வேண்டும். வீட்டை வைத்துக் கடன் கேட்டு அம்மா கிளைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். பத்திரம் எங்கள் பெட்டகத்திலேயே இருந்தது. அந்த வீடு ஏற்கெனவே ஒரு வேலைக்காகப் போய்விட்டது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. உங்களுக்குத் தங்கை இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் படிப்புக்கோ கல்யாணத்துக்கோ அதே வீட்டை நம்பியிருக்கிறார்களா என்று அப்பாவிடம் கேட்டுவிடுங்கள்.

வீட்டை வைக்காமல் வாங்கலாமே என்றால், வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் தருகின்றன. வட்டி அதிகம், படிக்கும்போதே வட்டியில் ஒரு பங்கைக் கட்டச் சொல்வார்கள். டாலரிலேயே கடன் கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு, ஜாமீன் கேட்க மாட்டார்கள். அங்கே வேலை இருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஊருக்குத் திரும்பினால் ரூபாயில் சம்பாதித்து டாலரில் கட்ட வேண்டும், ரூபாய் சரியச் சரியக் கடன் வளரும். திரும்பி வரும் நிலையை முன்வைத்துக் கணக்குப் போடுபவருக்கு இதுதான் மோசமான கடன். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தொகையைக் குறைப்பதில்தான் உங்கள் முயற்சி இருக்க வேண்டும். 40 லட்சத்துக்குப் பதில் 25 லட்சம் என்றால், அதே வட்டியில் தவணை தொடங்கும்போது 30.9 லட்சம் நிற்கும், பதினைந்து வருடத்துக்கு மாதம் 34,000 ரூபாய் சொச்சம். 12 லட்சம் சம்பளத்தில் இதைத் தாங்கலாம், 8 லட்சத்திலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம். எப்படிக் குறைப்பது? டெக்சாஸில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. போட்டி அடிப்படையில் தரும் உதவித்தொகை குறைந்தது 1,000 டாலர் கிடைத்தால், வெளிமாநிலக் கட்டணத்தை விலக்கி உள்மாநிலக் கட்டணம் மட்டும் வாங்க அந்த மாநிலச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆயிரம் டாலர் சின்னத் தொகைதான், ஆனால் அது திறந்துவிடும் கட்டணக் குறைப்பு பல மடங்கு. எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, எல்லாருக்கும் கிடைக்காது, ஆனாலும் விண்ணப்பிக்காமல் விடாதீர்கள். பேராசிரியரிடம் ஆர்.ஏ. (ஆராய்ச்சி உதவியாளர்), துறையில் டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர்) வேலை கிடைத்தாலும் கட்டணம் குறையும் வழக்கம் உண்டு, அது சேர்ந்த பிறகு பார்க்க வேண்டியது. வளாக வேலை செமஸ்டர் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் கூடாது. அது சாப்பாட்டுச் செலவுக்கு உதவும், கட்டணத்துக்கு உதவாது.

செலவைக் குறைக்க மூன்று செமஸ்டரில் படிப்பை முடித்துவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். முடிக்க முடியும் என்றாலும், நடுவில் வரும் கோடைக்கால இன்டர்ன்ஷிப்பை அதற்காக விட்டுவிடாதீர்கள். முதல் கல்வியாண்டு முடிந்ததும் அதற்கு அனுமதி வாங்கலாம். நான் பார்த்த கோப்புகளில் சீக்கிரம் அடைபட்ட கடன்கள் பெரும்பாலும் இன்டர்ன்ஷிப் செய்த கம்பெனியிலேயே வேலை வாங்கியவர்களுடையவை.

ஜெர்மனியையும் ஒரு பார்வை பாருங்கள். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் பயிற்சிக் கட்டணமே இல்லை, வருடத்துக்கு 11,904 யூரோவை, மாதாமாதம் மட்டும் எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும், படிப்புக்குப் பின் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். மொழி ஒரு தடை, அதைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். இங்கேயே கேட் நுழைவுத்தேர்வு எழுதி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வரும், கடனே இருக்காது. டாலர் சம்பளம் இல்லைதான். ஆனால் சிப் வேலைதான் உங்கள் ஆசை என்றால் அதற்கான கம்பெனிகள் பெங்களூரில் நிறைய இருக்கின்றன.

உங்கள் விஷயத்தில் என் பதில்: வீட்டை வைத்து 40 லட்சம் என்றால் வேண்டாம். உதவித்தொகையாலோ உங்கள் சேமிப்பாலோ 25, அதிகம் போனால் 28 லட்சத்துக்குள் கொண்டுவர முடிந்தால் தாராளமாகப் போங்கள், இது நல்ல படிப்பு. இந்த வருடம் குறையவில்லை என்றால், சேர்க்கையை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்க அனுமதிப்பார்களா என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதுங்கள். முன்பணம் கட்டும் முன்பே துறையின் முதுநிலை ஒருங்கிணைப்பாளரிடம் அந்த ஆயிரம் டாலர் உதவித்தொகையைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். வங்கியில் அனுமதிக் கடிதம் தரும்போது மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள்: படிப்புக் காலத்தில் தனிவட்டியா கூட்டுவட்டியா, அந்தக் காலத்தில் வட்டியை மாதாமாதம் கட்டினால் சலுகை உண்டா, காப்பீட்டுப் பிரீமியத்தைக் கேட்காமலே கடனோடு சேர்த்திருக்கிறார்களா. பல பொதுத்துறை வங்கிகளில் வட்டியை ஒழுங்காகக் கட்டினால் ஒரு சதவீதம் குறையும், அப்பாவால் முடிந்தால் அதைச் செய்யச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் கடன் தொகைக்குக் குறையாத டேர்ம் பாலிசி ஒன்று தனியாக எடுங்கள். இருபத்து நான்கு வயதில் அதற்கு ஆகும் செலவு சொற்பம்.